கோத்தகிரி பக்கம் படம் எடுக்குறோம், அம்மா கேரக்டருக்கு நடிக்க தெரிஞ்சவங்களா, இலை எடுக்க தெரிஞ்சவங்களா?

கோத்தகிரி_கேமரா:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், இப்பதான் முதல் தடவ கேக்குறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நானும் கூட படிச்ச ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் பண்றோம், 80 நிமிஷம் வரும்னு நெனக்கிறோம். கைல இருக்குறது ஏழு லட்சம், அதுல முக்கா லட்சம் என் பைக்க வித்த காசு. 18 நாள் ஷூட், பிப்ரவரில. கதைன்னு பாத்தா, 1974ல சின்ன புள்ளையா சிலோன் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து மண்டபம் கேம்ப்ல கெடந்து அப்புறம் இந்த மலைக்கு வந்து சேந்த ஒரு அம்மா, முப்பத்தஞ்சு வருஷம் டீ எஸ்டேட்ல கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆகுறாங்க, ரிட்டயர் ஆனா லைன் வீட்ட (எஸ்டேட் குடுக்குற வரிசை வீடு) காலி பண்ணி குடுக்கணும்ல, அந்த கடைசி ஒரு வாரம்தான் படம். திருப்பூர் பனியன் கம்பெனில இருக்குற மக, தன் பையனோட வந்து சாமான் கட்டி குடுக்குறா. புருஷன் செத்து பத்து வருஷம் ஆச்சு. பெருசா ஒண்ணும் நடக்காது, அதனால அந்த அம்மா மூஞ்சிதான் படமே.

முதல்ல இன்ஸ்டாகிராம்ல ஒரு காஸ்டிங் கால் போட்டோம். முன்னூறுக்கு மேல வந்துச்சு, எல்லாம் ஜிம் பாடி போட்டோ, "எந்த கேரக்டர்னாலும் பண்ணுவேன் சார்"னு ஒரு வரி. அறுபது வயசு அம்மா வேணும்னு கொட்ட எழுத்துல போட்டும் 24 வயசு பொண்ணுங்க அப்ளை பண்ணுறாங்க. இதுல குன்னூர்ல எவனோ எங்க போஸ்டர எடுத்து அவன் நம்பர போட்டு பதிவு கட்டணம் 500 ரூபாய்னு வசூல் பண்ணிருக்கான், அத சரி பண்ணவே ஒரு வாரம் போச்சு.

அப்புறம் ஊர் சமுதாயக்கூடத்துல ஆடிஷன் வெச்சோம், டேபிள், கேமரா, லைட்டுன்னு எல்லாம் முறையா. வந்தவங்கள வடிகட்டுனா ரெண்டு பேர் நிக்குறாங்க.

ஒருத்தங்க கோவைல இருபது வருஷமா நாடகம் போடுற அக்கா, 52 வயசு. சீன் பேப்பர குடுத்த அஞ்சாவது நிமிஷம் எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிருச்சு. ஆனா தோட்டத்துக்கு கூட்டிட்டு போயி இலை எடுக்க சொன்னா பூ பறிக்கிற மாதிரி எடுக்குறாங்க. சரிவுல நிக்குற நிலையே வேற, கை வேற, பேசுற தமிழும் கோயமுத்தூர் தமிழ்.

இன்னொருத்தங்க 59 வயசு அம்மா, எஸ்டேட்ல இருந்து நின்னுட்டாங்க, இப்ப எங்க தோட்டத்துக்கு இலை எடுக்க வர்றவங்க. டீ குடிக்கிற நேரத்துல அவங்க சிலோன் கதை பேசுனா மணி போறதே தெரியாது, அப்படி ஒரு குரல், அப்படி ஒரு நக்கல். அவங்கள நெனச்சுதான் கதையே எழுதுனேன்னு வெச்சுக்கோங்க. ஆனா கேமரா முன்னாடி நிறுத்துனா ஸ்கூல் ஆண்டு விழால பேசுற புள்ள மாதிரி கைய ஒட்டி வெச்சுட்டு ஒப்பிக்கிறாங்க. மூணு தடவ ட்ரை பண்ணோம், மூணு தடவயும் அப்படித்தான்.

யார போடலாம்? இந்த மாதிரி பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

சும்மா_போறவன்:

நாடக அக்காவையே போட்டு முடிங்க ப்ரோ. இலை எப்படி எடுக்கணும்னு தியேட்டர்ல எவனுக்கு தெரியும்.

கோத்தகிரி_கேமரா:

எங்க ஊருக்கே தெரியும் ப்ரோ. எங்க அம்மாவே முதல் சீன்ல எந்திரிச்சு போயிருவாங்க.

பந்தலூர்_மழை:

தலைவரே, ரெண்டு சின்ன படத்துல அசிஸ்டென்டா இருந்து ஆள் பிடிக்கிற வேலைய தலைல கட்டிக்கிட்டவன் சொல்றேன். உங்க ஆடிஷன்லதான் தப்பு, அந்த அம்மாகிட்ட இல்ல. சமுதாயக்கூடம், டேபிளுக்கு பின்னாடி மூணு பேர், கைல பேப்பர்னு வெச்சா அது அவங்களுக்கு ரேஷன் கார்டு விசாரணை மாதிரி தெரியும். அதுலயும் இந்த வயசு லைன் வீட்டு அம்மாங்க பல பேர் படிப்ப பாதில விட்டவங்க, பேப்பர நீட்டுனதுமே கூச்சம் வந்துரும், அப்புறம் நடிப்பாவது ஒண்ணாவது.

நாங்க என்ன பண்ணோம்னா, வசனத்த குடுக்கவே மாட்டோம். அவங்க பாடிக்கே (எங்க பக்கம் லைன் வீட்ட பாடின்னுதான் சொல்லுவோம்) போயி உக்காந்து, கைக்கு ஒரு வேலை இருக்குற நேரமா பாத்து, பூண்டு உரிக்கிறதோ அரிசி பொடைக்கிறதோ, போன ஜன்னல் கட்டைல சாத்தி வெச்சுட்டு (சொல்லிட்டுதான், திருட்டுத்தனமா இல்ல) ஒரு அரை மணி நேரம் அத மறக்க விடணும். அப்புறம் மெதுவா ஒரு நெலமைய சொல்லணும், "நாளைக்கு வீட்ட காலி பண்றோம்மா, அந்த பழைய தையல் மிஷின தூக்கிட்டு போலாமா, உங்க மக வேணாம்ங்குறா". எங்க டீம்ல ஒரு பொண்ணு மகளா எதுத்து பேசும். சண்ட வந்துச்சுன்னா ஆள் கெடச்சாச்சு. இதுல ஆள் நல்லா பேசுறாங்களான்றத விட எதுத்தாப்புல பேசுறத கேக்குறாங்களான்னுதான் நான் பாப்பேன், ஏன்னா நல்லா கதை சொல்ற பல பேர் அடுத்தவங்க பேசுறத காதுலயே வாங்க மாட்டாங்க, டீக்கடைல அமக்களம் பண்ணுவாங்க, சீன்ல எதுத்து நிக்கிறவன முழுங்கிருவாங்க. உங்க அம்மா அந்த ரகமான்னு முதல்ல பாருங்க.

அடுத்தது, "இன்னொருக்கா சொல்லுங்கம்மா"ன்னு கேளுங்க. இதுலதான் விஷயமே இருக்கு. சில பேருக்கு முதல் தடவ தங்கம், ரெண்டாவது தடவ தகரம். அவங்கள வேணாம்னு சொல்லல, ஆனா அவங்கள போட்டா ரெண்டு கேமரா வெச்சு ஒரே டேக்ல அடிக்கணும், க்ளோசப் மறுபடி, வைட் மறுபடின்னு கேக்க முடியாது. சில பேர் மூணாவது தடவ சொல்லும்போது புதுசா ஒண்ணு சேப்பாங்க, அவங்கள விட்றாதீங்க.

மார்க்ல (தரைல போடுற குறி) நிக்க சொல்லாதீங்க, நிக்க மாட்டாங்க, நின்னாலும் காலையே பாத்துட்டு நிப்பாங்க. வைட் லென்ஸ் போட்டு அப்பர்ச்சர கொஞ்சம் மூடி வெச்சா ஃபோகஸ் தப்பாது (மிஸ்ட் எறங்கிருச்சுன்னா வெளிச்சம் பத்தாது, அது வேற கத). "கேமராவ பாக்காதீங்க"ன்னு சொன்னீங்கன்னா அதத்தான் பாப்பாங்க, அதுக்கு பதிலா பாக்குறதுக்கு வேற எதையாவது குடுங்க. 1955ல வந்த பதேர் பாஞ்சாலின்னு ஒரு பெங்காலி படத்துல அந்த சின்ன பையன் நாணல் காட்டுல அக்காவ தேடி நடக்குற சீன், பையனுக்கு இயல்பா நடக்கவே வரல, அதனால டைரக்டர் சத்யஜித் ரே அவன் போற வழில குறுக்க சின்ன சின்ன தடைய போட்டு வெச்சு, அங்கங்க ஆள ஒளிச்சு வெச்சு பேர் சொல்லி கூப்பிட வெச்சாரு. பையன் தடைய தாண்டி தாண்டி, சத்தம் வந்த பக்கம் திரும்பி திரும்பி நடந்தான், நமக்கு அது தேடுற மாதிரி தெரியுது. நடிக்க சொல்லி குடுக்கல, வேலை குடுத்தாரு.

கடைசியா ஒண்ணு, சிங்க் சவுண்ட், அதாவது ஸ்பாட்லயே குரல பதியறது. காசு மிச்சம்னு டப்பிங் போயிறாதீங்க. ஸ்டூடியோ இருட்டு ரூம்ல ஸ்க்ரீன பாத்து தன் வாய்க்கு தானே பேசுறது நடிக்கிறத விட கஷ்டம், அந்த அம்மா குரலுக்காகத்தான எடுக்குறீங்க, அதயே இழந்துருவீங்க.

நாடகக்காரி_கோவை:

மேல இருக்கறவர் சொல்றதெல்லாம் சரிதானுங்க, ஆனா நாடகத்துல இருந்து வர்றவங்கன்னா "நடிப்பாங்க", ஊர்க்காரங்கன்னா "வாழ்வாங்க"ன்னு ஒரு பேச்சு இப்ப எல்லா பக்கமும் ஓடிட்டு இருக்கு, அது எனக்கு ஒத்துக்கல. அதே பதேர் பாஞ்சாலில அந்த கூன் விழுந்த பாட்டி, அவங்களும் தெருவுல இருந்து பிடிச்ச பாட்டின்னுதான் பல பேர் நெனச்சுட்டு இருக்காங்க. சுனிபாலா தேவி, அந்த காலத்து நாடக மேடைல இருந்தவங்க, எம்பது வயசு கிட்ட. பக்கத்து வீட்ல கண்டுபிடிச்ச பையனும் மேடை பாட்டியும் ஒரே சீன்ல இருக்காங்க, யாரு எதுன்னு நம்மளால பிரிக்க முடியுதுங்களா?

உங்க அக்காவ ஒரு நாள் தோட்டத்துல எறக்கி விட்டுட்டு கை சரியில்லைன்னு சொல்றீங்க. யாருக்குங்க ஒரு நாள்ல வரும்? பத்து நாள் அந்த லைன்ல தங்க வைங்க. காலைல அவங்களோட எறங்கட்டும், இடுப்புல படங்கு துணி கட்டட்டும், அட்டை கடி வாங்கட்டும், எடை போடற எடத்துல வரிசைல நிக்கட்டும். கை வராட்டியும் முதுகு வரும். கேமராவுக்கு முதுகுதானுங்க தெரியும், இலை எடுக்கற க்ளோசப் வேணும்னா அந்த அம்மாவோட கைய எடுத்து ஒட்டிக்கோங்க, இத எல்லாரும்தான் பண்றாங்க.

ஆனா பேச்சு வேற. சிலோன்ல இருந்து வந்தவங்க பேசற ராகம் ரெண்டு மாசத்துல வராதுங்க, நாங்க ஒரு தடவ பண்ணிப் பாத்து கேவலமா போச்சு. அதனால நான் என்ன சொல்றேன்னா, ஸ்க்ரிப்ட எடுத்து வெச்சு அந்த அம்மா வர்ற சீன் எல்லாத்தையும் எண்ணுங்க. வேலை செய்யற சீன் எத்தன, சும்மா இருக்கற சீன் எத்தன, பேசியே தீரணும்ங்கற சீன் எத்தன. அழற சீன் ஆறாவது டேக்லயும் வரணும்னா அது தொழிலுங்க, அத கத்துக்கிட்டவங்கதான் குடுக்க முடியும். அப்படி சீன் நாலுக்கு மேல இருந்தா எங்க ஆள போடுங்க. ஒண்ணோ ரெண்டோதான்னா அந்த அம்மாவ போட்டு, எதுத்தாப்புல மகளா நிக்கறவங்கள நாடகத்துல இருந்து எடுங்க. பந்து போடத் தெரிஞ்சவங்க ஒரு பக்கம் இருந்தா போதும், மத்தவங்க பிடிச்சுக்குவாங்க.

அப்புறம் கோவைல இருந்து அக்காவ கூப்பிடறப்ப சம்பளம், தங்கற எடம், வண்டிக்கு இ-பாஸ் எல்லாத்தையும் முன்னாடியே பேசிருங்க. "படம் நல்லா வந்தா உங்களுக்குதான் பேரு"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த வசனத்த கேட்டு கேட்டு எங்க காது புளிச்சுருச்சு.

பூம்பாறை_பூண்டு:

யாரு நல்லா நடிக்கிறாங்கன்னு எல்லாரும் பேசுறீங்க, ஷூட்டு முடியிற வரைக்கும் யாரு அதே தலையோட இருப்பாங்கன்னு ஒருத்தரும் பேச மாட்டேங்குறீங்களே.

நம்ம கொடைக்கானல் மேல்மலைல நடந்த கதை. 25 நிமிஷ படம். குதிரைல பூண்டு மூட்டை ஏத்திட்டு போற ஒரு அண்ணன ஹீரோவா போட்டோம், நெசமாவே அந்த வேலை பாக்குறவரு. என்னா முடி தெரியுமா, காத்துல பறக்கும், அந்த முடிக்காகவே அவர எடுத்தோம்னு சொல்லலாம். அஞ்சு நாள் எடுத்தாச்சு. ஆறாவது நாள் ஜெனரேட்டர் படுத்துருச்சு, சரி நாலு நாள் லீவுன்னு விட்டோம். அண்ணன் என்ன பண்ணுனாரு, மகனுக்கு வேண்டுதல் இருந்துச்சாம், லீவுதானன்னு குடும்பத்தோட பழநிக்கு போயி அப்பனும் மகனுமா மொட்டைய போட்டுட்டு சந்தனத்த தடவிட்டு சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கிறாரு, பஞ்சாமிர்தம் வேற. திட்டவும் முடியல, முருகன் கணக்கு. பிரசாதத்த வாங்கி வாயில போட்டுக்கிட்டு கேமராமேன் பயலும் நானும் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

அப்புறம் என்ன, மிச்சம் இருந்த சீன் பூராம் குரங்கு குல்லா. நல்லவேளை நம்ம மலைல வருஷம் முச்சூடும் யாரு குல்லா போட்டாலும் கேள்வி கெடையாது. ஒரு எடத்துல படத்த போட்டப்ப ஒரு பெரியவரு எந்திரிச்சு, பாதிக்கு மேல குல்லா வர்றது அந்த மனுஷன் உலகத்துக்கிட்ட இருந்து ஒளிஞ்சுக்கிறதோட குறியீடான்னு கேட்டாரு. ஆமாங்க சார்னு சொல்லிட்டேன்.

அதனால தம்பி, ஆள முடிவு பண்ணுன அன்னிக்கே காலண்டர எடுத்து முன்னால வையி. மொட்டை, காது குத்து, குலசாமி கும்பிடு, ஐயப்பனுக்கு மாலை, தைப்பூசத்துக்கு பாதயாத்திரை, எல்லாத்தையும் கேட்டு எழுதிக்க. எங்களுக்கு பூண்டு எடுக்குற நேரத்துல ஒரு பய வரமாட்டான், உங்களுக்கு இலை நல்லா வர்ற மாசம் அப்படித்தான, குறிச்ச கிலோவுக்கு மேல எடுத்தா வர்ற காச விட்டுட்டு யாரு உன் படத்துக்கு வருவா? பிப்ரவரின்னு வச்சது நல்லது, பனில இலை கொறைவா இருக்கும், ஆளும் ஓய்வா இருப்பாக. ஆனா செடி பச்சையா இருக்காதே, அத பாத்துக்க.

வயசானவங்கள போடுறப்ப இன்னொண்ணும் இருக்கு. கடைசி விவசாயி படத்துல நடிச்ச நல்லாண்டி அய்யா நெசமாவே விவசாயி, 2022ல படம் தியேட்டருக்கு வர்றப்ப அவரு உசுரோட இல்ல. இழுத்துக்கிட்டே போகாம சட்டுன்னு எடுத்து, எடுத்தத அவங்களுக்கு மொதல்ல போட்டு காட்டிரு.

கோர்ட்டு_வாசல்:

பேரன் கேரக்டர் இருக்குன்னு சொன்னீங்க, அத யாரும் கவனிக்கலயே. 14 வயசுக்கு கீழ உள்ள புள்ளைய நடிக்க வெக்கணும்னா ஷூட் நடக்குற மாவட்ட கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும், 2017 விதில இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, அதுலயும் மூணு மணி நேரத்துக்கு மேல ஓய்வில்லாம கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது, உங்களுக்கு 18தான், பிரச்சன இல்ல. சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்காவது அவன் பேர்ல பேங்க்ல டெபாசிட் போடணும். "சின்ன படம்தான சார்"ங்குறது எங்கயும் எடுபடாது. படிப்பும் கெடக்கூடாது, பரீட்ச நேரம் பாத்துக்கோங்க.

கேத்தி_கேரட்:

எல்லாத்தையும் படிச்சேன். ஒரு கேள்வி கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்த அம்மா "எங்க தோட்டத்துக்கு இலை எடுக்க வர்றவங்க"ன்னு போற போக்குல எழுதிருக்கீங்க. அப்ப நீங்க அவங்களுக்கு கூலி குடுக்குற வீட்டு பையன். கேமராவ பாத்து கைய ஒட்டி வெச்சுக்கிட்டாங்களா, உங்கள பாத்தா? டீ குடிக்கிறப்ப கதை சொல்றது வேற, அது அவங்க நேரம். "இங்க நில்லுங்க, இத சொல்லுங்க"ன்னா அது வேலை, மொதலாளி வீட்டு தம்பி வேலை சொன்னா எங்க ஆளுங்க அப்படித்தான் நிப்பாங்க, நானும் பாத்துருக்கேன் எங்கம்மா நிக்கிறத.

ஏன் சொல்றேன்னா எங்கம்மாவும் ஒரு படத்துல "நடிச்சாங்க". பேர் சொல்ல மாட்டேன். கேரட் கழுவுற எடத்துல பாத்து பிடிச்சுப்போயி ரெண்டு நாள் கூட்டிட்டு போனாங்க. அழுற சீன். வரலன்னதும் ஒருத்தர் பக்கத்துல வந்து, உங்க வீட்டுக்காரர் செத்தப்ப எப்படி அழுதீங்க அத நெனச்சுக்கங்கம்மான்னு சொல்லிருக்காரு. அவங்களுக்கு நல்ல டேக் கெடச்சுது, கை தட்டுனாங்களாம். எங்கம்மா வீட்டுக்கு வந்து மூணு நாள் சரியா சாப்பிடல. 500 ரூபா குடுத்தாங்க, ஒரு நாள் கூலி போனதுக்கு கூட காணாது. படம் எங்கயோ ஓடுச்சுன்னு சொல்றாங்க, எங்களுக்கு போட்டு காட்டல, டைட்டில்ல பேர் இருக்கான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

நாடகக்காரங்களுக்கு அழுதுட்டு வெளிய வர்ற வழி தெரியும். எங்கம்மாவுக்கு யார் சொல்லி குடுத்தா?

இன்னொண்ணு, நீங்க கேட்டுருக்கவே மாட்டீங்கன்னு நெனக்கிறேன். உங்க கதைல அம்மா விதவை. அந்த அம்மாவோட வீட்டுக்காரர் இருக்காரா? இருந்தா, பொட்டு இல்லாம, தாலி இல்லாம நிக்க சொல்லுவீங்க, அவங்களும் உங்க முகத்துக்காக சரின்னு தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள செத்துட்டு நிப்பாங்க. அந்த ஒப்பிக்கிற குரல் அங்க இருந்து வருதோ என்னவோ.

சும்மா_போறவன்:

இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லல.

கோத்தகிரி_கேமரா:

கேத்தி அக்கா, கோவமெல்லாம் இல்ல. ரெண்டு தடவ படிச்சேன். வீட்டுக்காரர் இருக்காரு. நான் கேக்கல. ரெண்டு வாரம் டைம் குடுங்க, திரும்ப வந்து எழுதுறேன்.

கோத்தகிரி_கேமரா (12 நாள் கழிச்சு):

வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொண்ணா சொல்றேன்.

எங்க டீம்ல சவுண்ட் பாக்குற பொண்ணு குன்னூர் பக்கம் லைன் வீட்ல வளந்தவ. நான் போகல, அவள மட்டும் அனுப்புனேன், போனும் ரெக்கார்டரும் மட்டும். அந்த அம்மா இவள பாத்ததும் கேட்ட முதல் கேள்வி "எந்த தோட்டத்து புள்ள நீயி?" அங்க ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம். பந்தலூர் அண்ணா சொன்ன தையல் மிஷின் சண்டைய போட்டுருக்கா, நம்பவே மாட்டீங்க, அந்த அம்மா இவள அடிக்கவே கை ஓங்கிட்டாங்க. மறுபடி கேட்டதுக்கு ரெண்டாவது தடவ கை ஓங்கல, மிஷின் மேல இருந்த துணிய எடுத்து மடிச்சுக்கிட்டே பேசுனாங்க. அந்த ஃபுட்டேஜ பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் வெளிய போயி நின்னேன். மூணு மாசமா நான் பாக்காதது அவகிட்ட அரை நாள்ல வந்துருக்கு.

தாலி விஷயம் கேத்தி அக்கா சொன்ன மாதிரியேதான். அவகிட்ட சொல்லிருக்காங்க, "கவுடர் வீட்டு தம்பி கேட்டாப்ல, மாட்டேன்னு எப்படி சொல்றது, ஆனா மனுஷன் உசுரோட இருக்கப்ப நான் எப்படிம்மா வெறும் கழுத்தோட நிக்கிறது"ன்னு. அது மட்டும் இல்ல, எனக்கு உறைக்காதது இன்னொண்ணு. அவங்க இப்ப இருக்குற வீடே மகன் பேர்ல எஸ்டேட் குடுத்த லைன் வீடு, மகன் இன்னும் அங்க வேலைல இருக்காரு. "இந்த வீட்டுக்கு என்ன பாத்தியத இருக்கு உங்களுக்கு, நாங்க நட்ட செடிதான இது"ன்னு நான் எழுதுன வசனம், கை தட்டு வாங்கும்னு நெனச்சு எழுதுனது, அத அவங்க வாயால சொல்ல மாட்டாங்களாம். நாளைக்கு ஆபிஸ்ல யாராவது போன்ல பாத்தா மகனுக்குதான தொந்தரவு. நியாயந்தான, நான் எழுதிட்டு வீட்ல போயி தூங்கிருவேன்.

ஸ்க்ரிப்ட்ட மாத்துனோம். புருஷன் சாகல, திருப்பூர்ல வாட்ச்மேன் வேலைக்கு போயிருக்காரு, போன்ல மட்டும் வர்றாரு, ராத்திரி ட்யூட்டிங்குறதால காலைல தூக்க கலக்கத்துல பேசுவாரு. வீட்ட காலி பண்றத பத்தி ரெண்டு பேரும் நேரா பேசிக்கவே மாட்டாங்க, குக்கர் எடுத்து வெச்சியா, அடுப்பு எடுத்து வெச்சியான்னுதான் பேச்சு. அந்த பாத்தியத வசனத்த அம்மா சொல்லல, பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, அந்த பக்கத்து வீட்டுக்காரிதான் நம்ம கோவை அக்கா. அவங்களுக்கு போன் பண்ணி சொன்னப்ப ரெண்டு நாள் பதிலே இல்ல, வருத்தம் இருக்கத்தான் செய்யும், நானே அம்மா கேரக்டர்னு ஆச காட்டிட்டேன். மூணாவது நாள் "ஸ்க்ரிப்ட் அனுப்புங்க, பத்து நாள் முன்னாடியே வர்றேன், தங்க எடம் பாருங்க"ன்னு மெசேஜ். கதைல அவங்க கூடலூர்ல இருந்து கல்யாணம் ஆகி வந்தவங்கன்னு வெச்சுட்டோம், அதனால சிலோன் ராகம் தேவையில்ல. நாடகக்காரி அக்கா சொன்ன மாதிரி சீன எண்ணி பாத்தேன், அம்மா பேசியே தீரணும்ங்குற சீன் இப்ப ரெண்டுதான் இருக்கு, முன்னாடி ஏழு இருந்துச்சு.

சம்பளம் எழுதி குடுத்தாச்சு, தமிழ்லயே, ஒரு பக்கம். இலை எடுக்குற கூலிய விட ஒண்ணேமுக்கால் மடங்கு, ஷூட் இல்லாம காக்க வெச்சாலும் அதே காசு. டைட்டில்ல பேர், முதல் ஷோ அவங்க லைன்லயேன்னும் எழுதிருக்கு. அந்த அம்மா படிக்க சொல்லி கேட்டுட்டு "மொட்ட போட மாட்டேன்னும் எழுதிக்கோ"ன்னு சிரிச்சாங்களாம், பூம்பாறை அண்ணன் கதைய சவுண்ட் பொண்ணு சொல்லிட்டா போல.

இனிமே ஷூட்ல அம்மாகிட்ட பேசுறது அவதான். நான் செவத்துக்கு அந்த பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிட்டு நிக்க போறேன். கேமராமேன் நக்கல் பண்றான், டைரக்டர் எங்கன்னு கேட்டா செவத்த காட்டுறானாம்.

காட்டு மாடு மட்டும் தொந்தரவு. லொகேஷன் பாத்த லைனுக்கு கீழ காலைல ஏழு எட்டு நிக்குது, அதுங்களுக்கு கால்ஷீட் எப்படி பேசுறதுன்னு தெரியல.

பேரன் இன்னும் கெடைக்கல. ஒம்போது வயசு, கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர் பக்கம்னா நல்லது. கலெக்டர் ஆபிஸ்ல கேட்டு ஃபார்ம் வாங்கி வெச்சுட்டேன். அழகா இருக்கணும்னு இல்ல. மேடுல மூச்சு வாங்காம ஓடணும், பாட்டி பேச்ச கேக்காத பையனா இருக்கணும்.

கேத்தி_கேரட்:

எங்கக்கா பையன் இருக்கான், ஒம்போது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. யார் பேச்சையும் கேக்க மாட்டான், ஆனா வாய மூடவே மாட்டான், பரவால்லயா? முதல்ல அவன கேக்கணும், அப்புறம் அக்காவ. ரெண்டு பேரும் சரின்னா சவுண்ட் பாக்குற பொண்ண அனுப்புங்க, நீங்க வராதீங்க.

கோத்தகிரி_கேமரா:

ஹாஹா சரிக்கா. எனக்கு செவுரே போதும்.